குலத்தொழிலா, கண்டுபிடிப்பா?
கியூ முனைத் தோலை முன்வைத்து

(தோல் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு கூடுமானவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஸ்னூக்கரைப் பத்திப் பேசுறதுக்கு ஒரு தலித் மேடையா என்று பின்வரிசையில் சிரிக்கிறது கேட்கிறது. சிரிங்க. அது சீமான்கள் ஆடுற ஆட்டம்தான். பன்னிரண்டு அடி நீளம், ஆறு அடி அகலம், பச்சைத் துணி போர்த்திய மேசை, வாசலில் ஒரு காவலாள். நம்ம சனங்க அந்த அறைக்குள்ள போனதெல்லாம் பெரும்பாலும் துடைப்பத்தோடதான். கொஞ்சம் பேர் மார்க்கராகப் போனோம். நான் ஏழு வருஷம் ஒரு கிளப்பில் மார்க்கர். புள்ளி சொல்றது, பந்தை எடுத்து வைக்கிறது, துணியை பிரஷ் போடுறது, கியூவுக்கு டிப் மாத்துறது, இதெல்லாம் என் வேலை. எங்கப்பா தோல் ஷாப்பில் வேலை செஞ்சவர். ரெண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும் என்பதால்தான் என்னைப் பேசச் சொல்லியிருக்காங்க.

விஷயத்துக்கு வர்றேன். நம்ம பிள்ளைங்க நாலு பேர், அதுல ரெண்டு பேர் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்கள், வெட்டி மிஞ்சுற தோல் துண்டுகளை வச்சு ஒரு டிப் செஞ்சிருக்காங்க. நான் போட்டு ஆடிப் பார்த்தேன். நல்லா இருக்கு. இப்ப ரெண்டு கேள்வி வந்திருக்கு. விளையாட்டுச் சாமான் வியாபாரி ஒருத்தர், "மொத்தமா ஒரு தொகை தர்றேன், செய்முறையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க" என்கிறார். நம்ம இயக்கத் தோழர் ஒருத்தர், "தோலை விட்டு வெளியே வரத்தானே இத்தனை வருஷம் போராடினோம், திரும்பவும் தோலா?" என்கிறார். முதல் கேள்வி பணம் பற்றியது, இரண்டாவது மானம் பற்றியது என்று தோணும். ரெண்டுக்கும் வேர் ஒண்ணுதான் என்பது என் கட்சி.

டிப் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக. கியூ என்பது ஆடுற குச்சி. அதன் நுனியில் ஒரு சின்ன வட்டத் தோல் ஒட்டியிருக்கும். ஸ்னூக்கர் கியூவில் அது ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் குறுக்களவு. ஒரு சதுர சென்டிமீட்டர்கூடக் கிடையாது. ஆயிரக்கணக்கில் செலவழிச்சு வாங்கின குச்சி, டன் கணக்கில் கனமான மேசை, எல்லாம் இருந்தும் பந்தைத் தொடுறது அந்தத் தோல் மட்டும்தான். அதுவும் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம். அந்த நேரத்துக்குள்ள பந்து முன்னால் போகணுமா, பின்னால் வரணுமா, பக்கவாட்டில் சுழலணுமா என்பது தீர்மானமாயிடும். தோல் கெட்டியாக இருந்தால் வழுக்கும். மெத்தென்று இருந்தால் நாலு நாளில் காளான் மாதிரி விரிஞ்சு ஓரம் தொங்கும். சாக் பொடியைப் பிடிச்சு வச்சுக்கணும், அடி வாங்கி வாங்கி அமுங்கணும், ஆனால் சாகக் கூடாது. இப்படிப்பட்ட தோல் எந்த இடத்துத் தோல் என்று எங்கப்பாவைக் கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கிட்டு விரலால் தடவிச் சொல்லியிருப்பார். முதுகுத் தோல் நெருக்கம், வயித்துத் தோல் தளர்ச்சி. இது பள்ளிக்கூடத்தில் படிச்ச அறிவு இல்லை.

இந்தத் தோலைக் குச்சியில் ஒட்டலாம் என்று கண்டுபிடிச்சவர் என வரலாறு சொல்ற பெயர் மிங்கோ. பிரெஞ்சுப் படையில் கேப்டன். அரசியல் கைதியாகச் சிறையில் இருந்தபோது, அங்கிருந்த பில்லியர்ட்ஸ் மேசையில் ஆடி ஆடி இதைக் கண்டுபிடித்தார் என்று சொல்வார்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்க காலம் அது. அதுவரை வெறும் மரநுனிதான். தோல் வந்த பிறகுதான் பந்து திரும்பி வர ஆரம்பிச்சது. 1827-இல் பாரிசில் தன் ஆட்ட உத்திகளைப் படங்களோடு புத்தகமாகப் போட்டார். இன்னைக்கும் பில்லியர்ட்ஸ் பத்தி எழுதுற எவரும் அந்தப் பெயரைத் தாண்டிப் போக முடியாது. நான் கேட்கிறது இதுதான். மிங்கோ தோலை ஒட்டினார், சரி. அந்தத் தோலை உரிச்சவன் யார்? சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்கியவன் யார்? பட்டைச் சாறில் ஊற வச்சவன் யார்? அவனுக்கு அந்த நாட்டிலும் பெயர் கிடையாது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அங்கே தோல் பதனிடுகிறவனின் மகன் வேற வேலைக்குப் போனால் ஊர் கூடி வழிமறிக்காது. இங்கே மறிச்சது.

அடுத்தது சாக். 1820-களில் இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் ஜான் பார்ட்லி என்பவரின் பில்லியர்ட்ஸ் கூடத்தில் ஜாக் கார் என்றொரு மார்க்கர் இருந்தான். என்னைப் போல மார்க்கர். முதலாளியிடமிருந்து பந்தைப் பக்கவாட்டில் சுழற்றும் வித்தையைக் கத்துக்கிட்டான். சுழற்சிக்கு என் சாக்தான் காரணம் என்று சொல்லி, சின்ன மருந்து டப்பியில் போட்டு, ஒரு டப்பி அரை கிரவுன், அதாவது இரண்டரை ஷில்லிங் என்று வித்தான். ஜனம் வாங்கித் தள்ளுச்சு. உள்ளே இருந்தது சாதாரண சுண்ணாம்புப் பொடி. ஏமாத்து வேலைதான், நாம அதைச் செய்ய வேண்டாம். ஆனால் ஒண்ணு கவனிங்க. ஒரு பெயரும் ஒரு டப்பியும் சேர்ந்தால் சும்மா கிடக்கிற பொடிக்கு விலை வந்திடுது. பெயரும் டப்பியும் இல்லாததால் உண்மையான சரக்கு வச்சிருக்கிற நம்ம ஆளுங்க அதைக் கிலோ கணக்கில் போடுறாங்க.

உண்மையான சாக் அதற்கப்புறம்தான் வந்தது. வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரரும், வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற சிகாகோ வேதியியலாளரும் சேர்ந்து 1897-இல் காப்புரிமை வாங்கினார்கள். அதில் சுண்ணாம்பே கிடையாது. சிலிக்காவும் உராயும் தன்மை கொண்ட கனிமப் பொடியும் சேர்ந்தது. இன்று மேசை மேலே இருக்கிற நீலக்கட்டி அந்த வம்சம். ஆடுறவனுக்குக் குறை என்னவென்று தெரியும், பொருள் தெரிந்தவனுக்கு மாற்று என்னவென்று தெரியும். ரெண்டு பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டார்கள். இந்தக் கூட்டணிதான் நமக்கு வேணும்.

பந்தோட கதை இன்னும் பெரிசு. அப்போதெல்லாம் பந்து யானைத் தந்தம். ஒரு தந்தத்தில் தேறுறது சில பந்துகள்தான். யானை தீர்ந்திடும் என்ற பயத்தில் 1860-களில் நியூயார்க்கில் ஒரு பில்லியர்ட்ஸ் கம்பெனி, தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிக்கிறவனுக்குப் பத்தாயிரம் டாலர் என்று அறிவிச்சது. ஜான் வெஸ்லி ஹயாட் என்ற அச்சுத் தொழிலாளி முயற்சியில் இறங்கினார். அவரும் அவர் சகோதரரும் சேர்ந்து 1870-இல் செல்லுலாய்டுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். சீப்பு, பொம்மை, சினிமா பிலிம் என்று ஒரு பெரிய தொழிலே அதிலிருந்து கிளம்பிச்சு. ஆட்டத்துக்கான துணைச் சாமான்தானே, அற்பம் என்று நினைக்காதீங்க. அச்சுக்கோர்க்கிற வேலையில் இருந்தவர் ஒரு பந்து செய்யப் போய்த் தொழிற்சாலை வச்சார். அவருக்கு ரசாயனப் பட்டம் கிடையாது. ஆனால் காகிதம் அவர் பெயரில் இருந்தது.

இந்த ஆட்டத்துக்கும் நம்ம மண்ணுக்கும் என்ன சம்பந்தம்? உண்டு. ஸ்னூக்கர் பிறந்ததே இந்தியாவில்தான். 1875-இல் ஜபல்பூர் ராணுவ முகாமில் நெவில் சேம்பர்லின் என்ற வெள்ளை அதிகாரி இதை உருவாக்கினார். 1882-இல் விதிகளை எழுதி ஒட்டியது நம்ம ஊட்டி கிளப்பில். அப்போது ஊட்டிக்கு ரயில் கிடையாது. மலை ரயில் குன்னூர் வந்ததே 1899-இல், ஊட்டிக்குப் போனது 1908-இல். பெரிய மேசை என்றால் துணிக்கு அடியில் கற்பலகைகள் இருக்கும். மொத்த எடை ஒரு டன்னுக்கு மேல். அப்படிப்பட்ட மேசை அந்த மலைப்பாதையில் எப்படி மேலே போயிருக்கும்? வண்டியிலும் மனிதத் தோளிலும்தான் போயிருக்க முடியும். ஆட்டத்தைக் கண்டுபிடிச்சவர் பெயர் இருக்கு. மேசையைச் சுமந்தவன் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை.

தோழர்களே, கிளப்பில் ஏழு வருஷம் நான் பார்த்த ஒரு விஷயத்தைச் சொல்றேன். மெம்பர் வருவார். நெத்தி நிறையத் திருநீறோ நாமமோ இருக்கும். கியூவை எடுப்பார், டிப்பை விரலால் தடவுவார், சாக் போடுவார், வாய்கிட்ட கொண்டுபோய் ஊதுவார். அது மாட்டுத் தோல். ஆனால் நான் தண்ணி கொடுத்தால் டம்ளரைத் தனியா வைக்கச் சொல்வார். அப்ப தீட்டு தோலில் இல்லை. தோலைத் தொட்டுப் பிழைக்கிற மனுசன்கிட்ட இருக்குன்னு வச்சிருக்காங்க. தோல் கடைக்குப் போய், டப்பியில் அடைபட்டு, வெளிநாட்டுப் பெயர் ஒட்டி வந்தால் புனிதமாயிடுது. ஜப்பானில் செய்யிற அடுக்கு டிப்புகள் உலகப் புகழ். மெல்லிசா சீவின பன்றித் தோலை அடுக்கடுக்கா ஒட்டி அமுக்கிச் செய்யிறது. ஒரு டிப் ஆயிரம் ரூபாய்க்கு மேலே விற்கிறது. பன்றி வளர்க்கிற நம்ம சனத்தைத் தெருவுக்குள்ள விடாத ஆட்கள் அந்தப் பன்றித் தோலை வரிசையில் நின்னு வாங்குறாங்க.

மிருதங்கத்திலும் இதே கதைதான். மாட்டுத் தோலை மூட்டி, வார் பிடிச்சு, நாதம் கொண்டு வர்ற தலித் கிறித்துவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020-இல் புத்தகம் எழுதினார். வெளியிட இடம் தர ஒத்துக்கிட்ட கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் மறுத்தது. வாசிக்கிறவர் வித்வான், செய்கிறவர் வேலைக்காரர். சாதி என்பது வேலையைப் பிரிக்கிறது மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களையே படிநிலையாகப் பிரித்து வைக்கிறது என்று பாபாசாகேப் 1936-இலேயே எழுதினார். நான் அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அறிவையும் பிரித்து வைத்தது. மேலே இருக்கிறவன் செய்தால் அது கண்டுபிடிப்பு, சாஸ்திரம், கலை. கீழே இருக்கிறவன் செய்தால் அது குலத்தொழில். குலத்தொழிலுக்குக் கூலி உண்டு, உரிமை கிடையாது. பிறப்பால் வந்ததுக்கு எவனாவது காப்புரிமை தருவானா?

இதை நான் சும்மா வாய்க்கு வந்தபடி சொல்லலை. சட்டத்திலேயே இருக்கு. 1970-ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தில் 2002 திருத்தத்தின்போது 3(பி) என்ற பிரிவைச் சேர்த்தார்கள். மரபு அறிவு என்பது கண்டுபிடிப்பு ஆகாது, அதற்குக் காப்புரிமை கிடையாது என்பது அதன் சாரம். மஞ்சளையும் வேம்பையும் வெளிநாட்டுக்காரன் கொண்டு போன பிறகு வந்த பாதுகாப்பு அது. நல்லதுதான். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோலைப் பதப்படுத்துற முறையை நாளைக்கு எந்தக் கம்பெனியும் தன்னுதுன்னு சொல்ல முடியாது. ஆனால் அதே பிரிவு நம்ம பாட்டன் கண்டதையும் கண்டுபிடிப்பு இல்லேன்னுதான் சொல்லுது. ஆகவே பாட்டன் அறிவை அப்படியே கொண்டுபோய் நீட்டினால் உரிமை கிடைக்காது. அதன் மேலே நீங்க புதுசா ஏதாவது ஏத்தியிருக்கணும். அடுக்கி ஒட்டுறது ஜப்பான்காரன் ஏற்கனவே செஞ்சது, அதுவும் புதுசில்லை. நம்ம பிள்ளைங்க செஞ்சதில் புதுசு ஒண்ணு இருக்கு. அது என்னன்னு இந்த மேடையில் நான் சொல்ல மாட்டேன். நீங்களும் எவர்கிட்டயும் சொல்லாதீங்க. விண்ணப்பம் போடுறதுக்கு முன்னால் ஊரறியச் சொல்லிட்டா அதற்கப்புறம் அது புதுசு இல்லேன்னு ஆயிடும். கிளப்பில் காட்டுறது, வியாபாரிகிட்ட மாதிரி கொடுக்கிறது, போன்ல வீடியோ எடுத்துப் போடுறது, எல்லாம் அப்புறம்.

இப்ப வியாபாரி விஷயம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லலை. அவர் வியாபாரி. அவர் கேட்கிறது உரிமை மாற்றம். எழுதிக் கொடுத்துட்டா அந்த டிப் அவருடையது. நாளைக்கு நீங்களே செஞ்சு வித்தால் உங்க மேலே வழக்குப் போடலாம்.

பஞ்சமி நிலம் ஞாபகம் இருக்கா? செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் அறிக்கை கொடுத்து, 1892-இல் நம்ம மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. வேற ஆளுக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனையும் இருந்தது. அப்படியும் எத்தனை ஏக்கர் கைநாட்டிலும் கடன் பத்திரத்திலும் போச்சு! அந்த நிலத்தைக் கேட்ட போராட்டத்தில் 1994-இல் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தாங்க. நிலத்தைத் திரும்பக் கேட்க உயிரைக் கொடுக்கிற சனம் நாம. அப்படியிருக்க, கையில் இருக்கிற ஒரு நிலத்தை, அது ஒரு சதுர சென்டிமீட்டர் தோல் நிலம் என்றாலும், நாமளே எழுதிக் கொடுக்கலாமா? விற்காதீங்க. வேணும்னா குத்தகைக்கு விடுங்க. சட்டத்தில் அதற்கு உரிமம் என்று பெயர். ஒரு டிப்புக்கு இத்தனை என்று அவர் தரட்டும். இத்தனை வருஷம், இந்த மாநிலம் என்று எல்லை போடுங்க. எதுவானாலும் எழுத்தில் இருக்கணும். வாய்ப்பேச்சில் முடிச்சது கோர்ட்டில் நிற்காது.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாச் சொல்றேன். சென்னை கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கு. தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கட்டணம் 1,600 ரூபாய். முதலில் தற்காலிக விவரணம் கொடுத்து நாளைப் பிடிச்சு வைக்கலாம். 12 மாதத்துக்குள் முழு விவரணம் கொடுக்கணும். அதற்குப் பிறகு ஆய்வுக் கட்டணம், கிடைத்தால் வருஷா வருஷம் புதுப்பிக்கிற கட்டணம் என்று செலவு உண்டு. மறைக்கலை. கிடைக்கிற உரிமை 20 வருஷம், இந்தியாவுக்குள் மட்டும். பெயரையும் முத்திரையையும் வணிகக் குறியாகத் தனியே பதிவு பண்ணணும். அது 10 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிச்சுக்கிட்டே போகலாம். காப்புரிமை தீர்ந்தாலும் பெயர் தீராது.

விண்ணப்பத்தில் நாலு பெயரும் இருக்கணும். பெண்கள் பெயரை "உதவியாளர்" என்று ஒதுக்குற வேலை நம்மகிட்ட வேண்டாம். எந்தத் துண்டு எந்த இடத்துத் தோல் என்று பிரிச்சதே அவங்கதான். அந்தப் பிரிப்பு இல்லேன்னா டிப்பே இல்லை.

சந்தையைப் பொறுத்தவரை, எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ஆட்டக்காரன் நல்ல டிப்பைக் கேட்கிறதில்லை, ஒரே மாதிரியான டிப்பைக் கேட்கிறான். போன மாசம் போட்டது எப்படி இருந்ததோ அப்படியே இந்த மாசமும் இருக்கணும். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் துண்டில் 64 வட்டம் வெட்டலாம். எட்டு அடுக்கு என்றால் எட்டு டிப். அந்த எட்டும் ஒரே கெட்டித்தனமா இருக்கணும். மெது, நடு, கெட்டி என்று அளந்து தனித்தனி டப்பியில் போடுங்க. அளக்கிற கருவி இருக்கு. அடையாற்றில் 1948-இலிருந்து மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. நம்ம வரிப்பணத்தில் நடக்கிறது. வாசல்ல நின்னு கும்பிட்டுக் கேட்க வேண்டியதில்லை, உள்ளே போய்ச் சோதனைக்குக் கொடுங்க. கும்பிடுறதுக்குப் பதிலா ரசீது வாங்குங்க. விண்ணப்பம் போட்டான பிறகு முதல் டப்பிகளை மெம்பர்களுக்குக் கொடுக்காதீங்க, மார்க்கர்களுக்குக் கொடுங்க. எந்த டிப்பைப் போடலாம்னு மெம்பர் கேட்கிறது மார்க்கரைத்தான்.

கடைசியா, தோழரின் கேள்வி. அது நியாயமான கேள்வி. 1927-இல் மகாடில் செத்த மாட்டைத் தூக்குறதை விடுங்கன்னு நம்ம இயக்கம் சொல்லிச்சு. 2016-இல் குஜராத் உனாவில் தோல் உரிச்ச பிள்ளைகளைக் கட்டி வச்சு அடிச்சப்போ, அந்தச் சனம் செத்த மாடுகளைக் கலெக்டர் ஆபீஸ் வாசலில் கொண்டுபோய்க் கொட்டிச்சு. "உங்க தாய்தானே, நீங்களே அடக்கம் பண்ணுங்க" என்பதுதான் அதன் அர்த்தம். அந்தக் கோபத்தை நான் தலைமேல் வச்சுக்கிறேன். தோல் தொழிலைப் பெருமையாப் பாடுறவன் நான் இல்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டையில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிஞ்சு பத்துத் தொழிலாளிகள் தூக்கத்திலேயே செத்தாங்க. எங்கப்பாவின் கை கடைசி வரைக்கும் வெடிச்சே கிடந்தது. பாலாறு என்ன கதியில் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். இந்தத் தொழில் வேண்டாம் என்று போகிற பிள்ளையை நான் வழியனுப்பி வைப்பேன். டாக்டராகட்டும், வக்கீலாகட்டும், ஸ்னூக்கர் ஆடட்டும்.

ஆனால் மகாடும் உனாவும் சொன்னது தோலைத் தொடாதே என்றில்லை. பிறப்பு காரணமாக, கட்டாயத்தின் பேரில், கூலியில்லாமல், மானமில்லாமல் தொடாதே என்றுதான் சொல்லிச்சு. தொழிலை விடுற உரிமை நமக்கு வேணும். விடாதவன் அதை உடைமையாக வச்சுக்கிற உரிமையும் வேணும். ரெண்டும் ஒரே உரிமையின் ரெண்டு பக்கம். நாம விட்டு வெளியேறினதும் அதே தொழிலில் வேற சாதிக்காரன் முதலாளியாய் உட்கார்ந்து ஏற்றுமதி பண்றதைப் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்? கூலிக்காரனாக உள்ளே இருந்தோம், இல்லேன்னா வெறுங்கையோட வெளியே வந்தோம். மூணாவது வழி ஒண்ணு இருக்கு. அறிவை எழுத்தில் போட்டு, பெயரைப் போட்டு, விலையை நாமளே சொல்றது.

வியாபாரி அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் விண்ணப்பம் போயிருக்கணும். 1,600 ரூபாய்க்கு நாலு பேரும் அலையக் கூடாது. இந்தக் கூட்டத்தில் இருக்கிறவங்க ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முடிஞ்சிடும். உண்டியல் வாசலில் இருக்கு. படிவம் நிரப்பத் தெரிந்த தோழர்கள் கூட்டம் முடிஞ்சதும் கொஞ்சம் இருங்க. அவர் வந்து உட்காரும்போது நம்ம பிள்ளைங்க அவருக்கு டீ வாங்கிக் கொடுக்கட்டும். கையெழுத்து மட்டும் கொடுக்க வேண்டாம்.

ஜெய்பீம்.